வேலியோரத்துக் கிழங்கு

பெரியப்பா காலமானபின் முத்தையன்கட்டில் இருந்த அவரது வளவுக் காணி எனக்கு வந்தது. பங்குனி வெயிலில் கொடிகள் காய்ந்து, எது எதுவென்று தெரியாமல் கிடந்தன. வேலியோரம் கிண்டியபோது கிழங்குகள் வந்தன. இராசவள்ளியென்று நினைத்து, கூழ் காய்ச்ச மனைவியிடம் கொடுத்தேன்.

ஒன்றை வெட்டியவள் குசினிக்குள்ளிருந்து கூப்பிட்டாள். "இஞ்சருங்கோ, இராசவள்ளி ஊதாவெல்லோ? இது வெள்ளையாக் கிடக்கு."

"வெள்ளை இனமும் இருக்கு. பானைக்குள்ள போடும்."

"கலப்பை மாதிரி வளைஞ்செல்லோ கிடக்கு! இது கார்த்திகைப்பூக் கிழங்கப்பா, நஞ்சு. குடிச்சிருந்தா வாசலில பறைதான் அடிச்சிருப்பினம்."

கிண்ணத்தோடு காத்திருந்த மகளைப் பார்த்தேன். கிழங்குகளை வேலியோரமே திரும்பப் புதைத்தேன்.

இப்போது மழைக்குப் பூக்கும்போதே ஒவ்வொரு கொடியினடியிலும் சிவப்புச் சீலைத்துண்டு கட்டிய தடி நடுகிறேன். கோடையில் கொடி மறைந்தாலும் தடி நிற்கிறது. அங்கே மண்வெட்டி இறங்குவதில்லை.