இடுப்பில் கரைந்த ஈயம்

ஸ்ரௌவ்விலுக்கு வடக்கே ஒரு கடை இருக்கிறது. முன்பக்கம் பனி தள்ளும் சவல், நாய்த் தீன், கம்பளிக் காலுறை விற்பார்கள். பின்பக்க மேசையில் துவக்குக்குப் போடும் ரவை, சன்னம் விற்பார்கள். என்னோடு வேலை செய்யும் வெயின் அங்கே ஒரு பெட்டி ரவை வாங்கியபோது நான் சவலோடு பக்கத்தில் நின்றேன். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்த ஒரு மூதாட்டி அவனுடைய அனுமதி அட்டையைப் பார்த்தார். அவனுடைய தாயாரின் முழங்கால் எப்படி என்று விசாரித்தார். பெட்டியைக் கடதாசிப் பையில் போட்டு, நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்தினார். கனடாவுக்கு வந்து இத்தனை வருடத்தில் பனிக்குப் பழகினேன், வண்டிகள் சாலையின் மறுபக்கத்தில் ஓடுவதற்குப் பழகினேன். இதற்கு மட்டும் பழகவில்லை. எனக்குத் தெரிந்த சன்னம் வானத்திலிருந்து வந்தது. சுவரில் ஓட்டையாக இருந்தது. பிறகு என் உடம்புக்குள் இருந்தது. அதை ஒருவன் காசு கொடுத்து வாங்கிப் பற்றுச்சீட்டையும் மடித்துப் பொக்கற்றில் வைப்பதை அன்றுதான் இவ்வளவு கிட்ட நின்று பார்த்தேன்.

வெயினும் நானும் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் வேலை. அவன் இயந்திரங்களைத் திருத்துபவன், நான் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ற் ஓட்டுபவன். தன் வீட்டிலிருந்து இறங்கி வரும் வழியில் மார்க்கத்தில் என்னை ஏற்றிக்கொள்வான். எட்டு வருடமாக அப்படித்தான். அன்று ட்ரக்கில் ஏறியதும் அவன் கொதித்தான். ஈயச் சன்னத்தை வேட்டைக்காரர்களுக்குக் கட்டுப்படுத்தப் போகிறது சமஷ்டி அரசு என்று ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது.

"வாத்துக்கு ஈயக் குண்டு கூடாது என்றார்கள். சரி என்றோம். இப்போது மானுக்கும் கூடாதாம்" என்றான். "செம்புச் சன்னம் என் அப்பாவின் துவக்குக்கு ஒத்துவராது. ஒத்துவருவதைக் கடையில் காண முடியாது. சரியாகப் படாவிட்டால் மான் காட்டுக்குள் ஓடி மூன்று நாள் கிடந்து சாகும். ஒட்டாவாவில் மேசைக்குப் பின்னால் இருப்பவன் வந்து அதைப் பார்ப்பானா? இன்றைக்கு ரவை, நாளைக்குத் துவக்கு." பிறகு சிரித்துக்கொண்டு என் தொடையில் தட்டினான். "இந்த ஈயம் ஆளைக் கொல்லுமாம்! நீ முப்பது வருடமாக இடுப்பில் வைத்துக்கொண்டு திரிகிறாய். உனக்கு என்ன நடந்தது? அரசாங்கம் எங்களிடம் கருத்துக் கேட்கக் கூட்டம் வைக்கிறது. வந்து அதைச் சொல்."

எனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வருகிறேன் என்றேன்.

என் இடுப்பில் சன்னம் இருப்பது வெயினுக்குத் தெரியும். அது எப்படி வந்தது என்பதை நான் அவனுக்குச் சொன்னதில்லை. எனக்கு அப்போது பதினேழு வயது, ஊரில் சண்டை நடந்த காலம். யாழ்ப்பாணத்தில் ரியூசன் முடிந்து வெளிக்கிட்டபோது என் வகுப்புத் தோழன் யூட்டின் சைக்கிளுக்குக் காற்றுப் போயிருந்தது. என் கரியரில் ஏறினான். தார் உடைந்த தெருவில் பாதி தூரம் போயிருப்போம், பின்னால் ஆமியின் ஹெலிகொப்ரர் சத்தம் கேட்டது. "மிதியடா, மிதியடா" என்று யூட் இரண்டு கையாலும் என் முதுகில் குத்தினான். நான் எழும்பி நின்று மிதித்தேன். குத்து சட்டென்று நின்றது. முதுகில் ஏதோ சூடாக வழிந்தது. பயத்தில் மூத்திரம் போய்விட்டான் என்று நினைத்தேன். அடுத்த கணம் யாரோ உலக்கையால் இடித்ததுபோல என் இடுப்பு விலகியது. மதகடியில் சைக்கிளோடு விழுந்தோம். யூட்டின் வயிறு திறந்து கிடந்தது. அவனுடைய குடல் என் சேட்டில் ஒட்டியிருந்தது. ஹெலி வட்டமடித்துத் திரும்பி வந்து இன்னொருமுறை சன்னத்தைக் கொட்டியது. நாங்கள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடு முன்னங்கால் இரண்டும் இல்லாமல் கதறியது. யூட் கதறவில்லை. விழுந்த சைக்கிளின் பின்சில்லு சுற்றிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அது நிற்கும்முன் அவன் முடிந்துவிட்டான்.

ஆஸ்பத்திரியில் மயக்கமருந்து தட்டுப்பாடு. காயத்தைக் கழுவிக் கட்டிய டொக்டர் களைத்துப்போயிருந்தார். "அந்தப் பெடியனுக்குள்ளால வந்ததால வேகம் குறைஞ்சு போச்சு. அதாலதான் நீர் இருக்கிறீர்" என்றார். "எலும்பிலை பட்டு விரிஞ்சு போய்க் கிடக்குது. எடுக்க வெளிக்கிட்டா காலும் போகும். அது பேசாமல் கிடக்கட்டும்."

அது பேசாமல்தான் கிடந்தது. அதனோடு கொழும்புக்குப் போனேன், விமானம் ஏறினேன், ரொறன்ரோவில் அகதி என்று கையெழுத்து வைத்தேன், வாசுகியைக் கட்டினேன், அபி பிறந்தாள். குளிருக்குக் கொஞ்சம் நொண்டுவேன். வேறொன்றும் இல்லை.

கடந்த இரண்டு வருடத்தில்தான் நான் மாறினேன். வயிறு முறுக்கி வலிக்கும். காலையில் எழும்பும்போதே களைப்பாக இருக்கும். போர்க்லிப்றின் பிடியைப் பிடிக்கக் கை பலமில்லாமல் போகும். எல்லாவற்றிலும் பெரிது கோபம். கோப்பை சத்தமாக வைத்தால் கோபம், ரெலிபோன் அடித்தால் கோபம். ஒரு கதவைக் காலால் உதைத்து ஓட்டையாக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினியில் பைப் ஒழுகுகிறது என்று வாசுகி இரண்டாம் தரம் சொன்னாள். அவ்வளவுதான் அவள் சொன்னது. நான் அவளைப் பிடித்துத் தள்ளினேன். பிரிட்ஜின் விளிம்பில் அவளுடைய நெற்றி மோதியது. இரத்தம் புருவத்தால் வழிந்து கண்ணுக்குள் போனது. கையை மறுபடி ஓங்கினேன். அந்தக் கை என்னுடையது. பத்தொன்பது வயது அபி இடையில் வந்து நின்றாள்.

"டோன்ற் ரச் ஹேர், அப்பா. இன்னொரு தரம் அம்மாவிலை கை வைச்சா ஐ வில் கோல் த பொலிஸ். ஐ மீன் இற்."

அன்றே இரண்டு பேரும் ஸ்ரௌவ்விலில் வாசுகியின் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்கள். தங்கையின் புருசன் எனக்குப் போன் எடுத்தான். "அண்ணை, ஊரிலை நடந்த சண்டை எல்லாம் உங்கட மண்டைக்குள்ள கிடக்கு. அதுதான் இப்பிடி வருது. ஆரிட்டையாவது போய்க் கதையுங்கோ" என்றான். எனக்கும் அது வசதியாக இருந்தது. அடித்தது நான் இல்லை, சண்டை.

வயிற்றுவலிக்காகக் குடும்ப டொக்டரிடம் போனேன். இரத்தம் எடுத்தார்கள். நான்காம் நாள் நேர்ஸ் போன் எடுத்து, என்னுடைய லெட் மிகவும் கூட என்றாள். எனக்கு விளங்கவில்லை. எங்கள் வெயர்ஹவுசில் போன வருடம் எல்லா பல்பையும் எல்இடிக்கு மாற்றிவிட்டார்கள் என்றேன்.

"இல்லை சேர், லெட். ஈயம் என்ற உலோகம். பற்றரி செய்யும் இடத்தில் வேலையா? துவக்குச் சுட்டுப் பழகும் இடத்துக்குப் போவீர்களா?"

"நோ ஷூற்றிங்" என்றேன். "ஐ ஆம் ஷொற்."

"இப்போதா? சேர், அம்புலன்ஸ் அனுப்பட்டுமா? இரத்தம் போகிறதா?"

முப்பது வருடத்துக்கு முதல் என்று அவளுக்கு விளங்கவைக்க எனக்கு வியர்த்துவிட்டது.

எக்ஸ்ரேயில் அதை முதல்தடவை கண்டேன். பூ விரிந்ததுபோலக் கிழிந்திருந்தது. இடுப்பு மூட்டைச் சுற்றி யாரோ வெள்ளைச் சோக்கால் கோடு கீறினதுபோல இருந்தது. தசையில் கிடக்கும் ஈயம் பெரும்பாலும் பேசாமல் கிடக்கும், மூட்டுக்குள் கிடந்தால் அங்கே ஊறும் நீர் அதைக் கரைக்கும் என்று ஸ்பெஷலிஸ்ற் விளக்கினார். கரைந்தது இரத்தத்தில் கலந்திருக்கிறது. வயிற்றுவலி அதனால். கைச்சோர்வு அதனால். "கோபத்தையும் அது கூட்டலாம்" என்றார்.

"எவ்வளவு?" என்று கேட்டேன்.

அதைப் பிரித்துச் சொல்ல முடியாது என்றார்.

வெயினின் கூட்டம் அந்தக் கிழமையே வந்தது. ட்ரக்கில் ஏறும்போதே அவனுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உண்மையைச் சொல்வதானால், எனக்குள் கிடந்ததை யார் மேலாவது எறிய வேண்டும்போல இருந்தது. அதற்கு ஒரு மண்டபம் நிறைந்த துவக்குக்காரர்கள் கிடைத்தார்கள்.

போய்ப் பார்த்தால் அவர்கள் நான் நினைத்த மாதிரி இல்லை. முதலில் பேசியவர் ஆடு வளர்க்கும் ஒரு விதவை. இரவில் ஆட்டைப் பிடிக்கக் கொயோட்டி நரி வந்தால் பொலிஸ் வருமா என்று கேட்டார். ஒரு கிழவர், இரண்டு மான் இறைச்சிதான் தன் வீட்டின் மாரிகாலச் சாப்பாடு என்றார். சட்டப்படி நடந்தவர்களையே சட்டம் திரும்பத் திரும்ப அடிக்கிறது, நகரத்தில் கள்ளத்துவக்கால் சுடுபவனை அது தொடுவதில்லை என்றான் ஒருவன். அரசாங்கத்திலிருந்து வந்த பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தாள். வெயின் என்னை மைக்குக்கு அழைத்தான். "என் நண்பன். ஈயத்தைப் பற்றி இவனைக் கேளுங்கள்" என்றான் பெருமையாக.

நான் சொன்னேன். மூட்டுக்குள் அது கரைகிறது என்றேன், இரத்தத்தில் இருக்கிறது என்றேன். என் மனைவியின் நெற்றியில் தையல் போட்டார்கள் என்றும் சொல்லிவிட்டேன். வெயினின் முகம் சிவந்தது.

முன்வரிசையில் இருந்த பச்சை ஜக்கெற்காரன் எழும்பினான். "அது போர்ச் சன்னம். என் மானுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? உன்னைச் சுட்டவனும் நாங்களும் ஒன்றா?"

அது நியாயமான கேள்வி. இன்றைக்கு என்னால் அப்படிச் சொல்ல முடிகிறது. அன்று என் ஆங்கிலம் அறுந்துபோனது. "யூ டோன்ற் நோ" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவன் மைக்கை வாங்கக் கையை நீட்டினான். அந்தக் கை என் நெஞ்சில் பட்டது. பக்கத்தில் இருந்த மடக்குக் கதிரையைத் தூக்கி நான் வீசியதை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். இடையில் பாய்ந்தவன் வெயின். கதிரையின் கால் அவனுடைய வாயில் பட்டது. இரண்டு பல் தரையில் தெறித்தன. அவன் முழங்காலில் விழுந்து வாயைப் பொத்தினான். விரல்களுக்கிடையால் இரத்தம் கொட்டியது. நான் கதிரையை இரண்டாம் முறையும் தூக்கினேன். நாலு பேர் என்னை அமத்திப் பிடித்தார்கள். அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேர் வீட்டிலும் துவக்கு இருந்தது. கையை ஓங்கியவன் துவக்கே இல்லாத நான் ஒருவன்தான்.

பொலிஸ் வந்தது. வெயின் துவாயை வாயில் அமத்திக்கொண்டு, "நான்தான் கதிரையில் போய் மோதினேன்" என்றான். அதிகாரி பச்சை ஜக்கெற்காரனைப் பார்த்தார். அவன் நிலத்தைப் பார்த்தபடி, "அந்தாளுக்குச் சுகமில்லை. வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்றான்.

வெயின்தான் என்னைக் கொண்டுவந்து விட்டான். வழி முழுக்கக் காப்பிக் கோப்பைக்குள் இரத்தம் துப்பிக்கொண்டே ஓட்டினான். நான் யூட்டின் கதையைச் சொன்னேன். என் வாசலில் நிறுத்தியபிறகு, "நீ எனக்கு முதலே சொல்லியிருக்கலாம்" என்றான். அடுத்த நாளிலிருந்து நான் மூன்று பஸ் மாறி வேலைக்குப் போனேன்.

சத்திரசிகிச்சை நடந்தது. மூட்டையே வெட்டி எடுத்து உலோக மூட்டு வைத்தார்கள். எடுத்த சன்னம் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். யூட்டுக்குள்ளால் வந்த சன்னம் அது. அதில் அவனுடைய ஏதாவது இன்னும் மிஞ்சியிருக்குமா என்று கேட்க வாயெடுத்தேன். அதைக் கேட்கும் ஆங்கிலம் என்னிடம் இல்லை.

மூன்றாம் நாள் வெயின் ஆஸ்பத்திரிக்கு வந்தான். முன்பல் இரண்டும் புதிது.

"என் கடிதத்தை ஒட்டாவாவுக்கு அனுப்பிவிட்டேன். ஈயக் கட்டுப்பாட்டை எதிர்த்துத்தான் எழுதினேன்."

"ஓகே" என்றேன்.

"உன்னைப் பற்றி எழுதவில்லை. உன்னைச் சாட்சியாகக் கூட்டிப்போனது என் பிழை. அது உன் இடுப்பு. எந்தப் பக்கத்துக்கும் அது சாட்சி இல்லை."

வேலைக்குத் திரும்பியபிறகு ஏற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான். என் உடம்பில் இவ்வளவு அழிவு செய்த பொருளுக்காக இன்னும் வாதாடுகிறவன்தான் இந்த நாட்டில் எனக்காகப் பொய் சொன்னான். இதை எந்தப் பக்கத்தில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உடம்பில் சன்னத்தோடு என்னைப்போல வாழ்கிறவர்கள் இதை வாசித்தால் ஒன்று கேட்கிறேன்: ஒருமுறை இரத்தத்தைச் சோதியுங்கள். சண்டை மண்டைக்குள் மட்டும்தான் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள்.

வாசுகி ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாள். கோட்டைக் கழற்றாமலே கட்டில் பக்கத்தில் இருப்பாள். நெற்றித் தழும்பு புருவத்தை இரண்டாகப் பிரித்திருந்தது. வீட்டுக்கு விடும் நாளில் அவள்தான் காரோட்டி மார்க்கத்துக்குக் கொண்டுவந்தாள். சோற்றையும் ரசத்தையும் பிரிட்ஜில் வைத்தாள். வைத்துவிட்டு அந்தக் கதவைச் சாத்தாமல் நின்றாள்.

"டொக்டர் என்ன சொன்னவர்? அந்த ஈயம்தானோ எனக்கு அடிச்சது?"

"கொஞ்சம் அதாயிருக்கலாம் எண்டவர்."

"மிச்சம்?"

"மிச்சம் நான்."

அவள் என்னை நேரே பார்த்தாள். "அப்பிடிச் சொல்லுறதுதான் நல்லது" என்றாள். "ஆனா நான் இண்டைக்கு இஞ்ச நிக்கேல்லை. அபி காத்துக்கொண்டிருப்பாள்."

கார் ஸ்ரௌவ்வில் பக்கம் திரும்பும்வரை வோக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். இரத்தத்தில் அளவு மாதாமாதம் இறங்குகிறது. ஆனால் இத்தனை வருடமாக ஈயம் எலும்புகளுக்குள்ளும் போய்ப் படிந்துவிட்டதாம், அங்கிருந்து அது இன்னும் பல வருடம் மெல்ல மெல்லக் கசியுமாம். விலாவிலும் முள்ளந்தண்டிலும் மண்டையோட்டிலும் அந்த மதகடி இருக்கிறது. இடுப்பில் இந்த நாட்டு உலோகம் இருக்கிறது. அது பளபளப்பானது, எதிலும் கரையாதது, எதையும் அறியாதது. வலதுகாலை எடுத்துவைத்தால் அது அசைகிறது. இடதுகாலை எடுத்துவைத்தால் ஈயம் படிந்த பழைய எலும்பு. வாசலிலிருந்து கதிரைவரை பதினொரு அடி. ஒவ்வொரு அடியிலும் எந்த ஆள் நடக்கிறான் என்று பார்த்துப் பார்த்து நடந்தேன்.