சாம்பிராணி போட்ட குட்டி

நனைந்த செம்மறி ஆட்டின் மேலிருந்து ஒரு வாடை கிளம்பும். எங்கள் வீட்டில் அதை "மொச்சை" என்போம். ஐப்பசி மழையில் கரிசல் மண் குழைந்து காலோடு செருப்பு மாதிரி ஒட்டிக்கொண்டு வரும் நாட்களில், அந்த மொச்சை சோற்றிலும் பாயிலும் பள்ளிக்கூடப் பையிலும் ஏறிவிடும். என் பக்கத்தில் எந்தப் பிள்ளையும் உட்காராது. பலகை முழுக்க எனக்குத்தான். எனக்குப் படிப்பு ஏறாததற்கு இதையும் ஒரு காரணமாக இன்றுவரை சொல்லிக்கொண்டு வருகிறேன்.

எட்டயபுரத்துக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில் எங்கள் ஊர். ஆடுதான் பிழைப்பு. ஆட்டுக்குக் கண்ணைவிட மூக்குதான் பெரிது என்பதை நாங்கள் நடக்கப் பழகும்போதே பார்த்துவிடுவோம். பெட்டை ஆடு மூத்திரம் பெய்து நனைத்த மண்ணைக் கிடாய் மோந்துவிட்டு, தலையைத் தூக்கி, மேல் உதட்டைச் சுருட்டிக்கொண்டு பெரிய யோசனையில் நிற்கும். ஜவுளிக்கடையில் பட்டுச் சேலையின் விலையைக் கேட்ட ஆம்பளை அப்படித்தான் நிற்பான். சாயங்காலம் மந்தை திரும்பும்போது குட்டிகளெல்லாம் ஒரே நிறம், ஒரே உயரம், ஒரே கத்தல். ஆனாலும் தாய் ஒவ்வொன்றின் வாலடியையும் மோந்து பார்த்து, தன்னுடையதை மட்டும் மடிக்கு விடும், மற்றதை முட்டித் தள்ளும். எங்களுக்குத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் யார் பிள்ளை என்று அடிக்கடி சந்தேகம் வரும்.

நான் அப்படிப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த ஒரு வருடம்தான் என் சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி, செல்லத்தாய் சித்தி கோவில்பட்டி டவுனிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். சீரோடு சீராக இளம்பெட்டை ஆடு ஒன்றும் கூட வந்தது. நாலு காலும் வெள்ளை என்பதால் அதற்கு "வெள்ளக்காலி" என்று பெயர். அந்தப் பெரிய வீட்டில், என்னுடையது என்று வாய் திறந்து சொல்ல சித்திக்கு இருந்தது அது ஒன்றுதான். அது சினையாகித் தலையீத்துக்கு, அதாவது முதல் பிரசவத்துக்கு நின்றபோது, தனக்கே மசக்கை வந்த மாதிரி சித்தி மெதுவாக நடந்தாள். டவுன்காரிக்கு ஆடு வளர்க்கத் தெரியுமா என்று ஊரே சிரித்தபோது, குட்டியைக் காட்டித்தான் பதில் சொல்லப் போகிறாள் என்பது எனக்கே தெரிந்திருந்தது.

மழை விட்ட ஒரு காலையில் சித்தியையும் என்னையும் விட்டுவிட்டு எல்லோரும் மந்தையோடு காட்டுக்குப் போயிருந்தார்கள். நான் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் வெள்ளக்காலி வேலி ஓரத்தில் ஈன்றுவிட்டது. குட்டி விழுந்த இடம் கணுக்கால் அளவு சேறு. வழுவழுப்பும் கருஞ்சேறுமாகக் கிடந்த குட்டியைப் பார்த்ததும், தன் அக்கா பிள்ளைகளை வளர்த்த சித்தியின் கைக்குப் பொறுக்கவில்லை. வெந்நீர் வைத்து, காலை நீட்டி உட்கார்ந்து, குட்டியைக் கால்மேல் கிடத்தி, சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, துண்டால் துவட்டி, சாம்பிராணிப் புகையில் காட்டிக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றபோது குட்டியின் நெற்றியில் பவுடர் இருந்தது.

"பாருட்டி, எம்புட்டு வெள்ளையா இருக்கு" என்றாள் என்னிடம்.

கொண்டுபோய்த் தாயிடம் விட்டாள். வெள்ளக்காலி ஆசையாகத்தான் வந்தது. வாலடியை மோந்தது. மூச்சைச் சீறி விட்டது. முன்காலால் மண்ணைத் தட்டியது. பிறகு முட்டிய முட்டில் குட்டி சுவர் ஓரம் போய் விழுந்தது. நடுங்கிக்கொண்டே எழுந்து மறுபடி போனது, மறுபடி முட்டு.

மத்தியானம் அம்மாவும் சித்தப்பாவும் திரும்பி வந்தபோது சித்தி குட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி செல்லத்தாயி, குட்டியக் குளிப்பாட்டுனியாக்கும்?"

"ஆமக்கா. ஒரே சேறா இருந்துச்சு."

"சாம்பிராணி வாசம் தெரு வரைக்கும் வருது. தொட்டில் கெட்டலையா?"

எல்லோரும் சிரித்தோம். அம்மா குட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. வாய் குளிர்ந்திருந்தது. "பொழுது சாயறதுக்குள்ள சீம்பால் உள்ள போகலைன்னா இது தங்காது" என்றாள். மந்தையில் வேறு எந்த ஆடும் அதுவரை ஈனவில்லை. இரவல் கேட்கக்கூட ஒரு மடி இல்லை.

ஆளாளுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். உப்புக்கு ஆசைப்பட்டாவது தாய் நக்கும் என்று அம்மா குட்டியின் முதுகில் உப்பைத் தடவிப் பார்த்தாள். வெள்ளக்காலி அந்தப் பக்கமே திரும்பவில்லை. நஞ்சுக்கொடியைக் குட்டிமேல் தேய்த்தால் தாய் சேர்த்துக்கொள்ளும். அதை நாய் எப்போதோ தூக்கிக்கொண்டு போயிருந்தது. சித்தப்பா ஆட்டைக் கம்பத்தில் இறுக்கிக் கட்டி மடியைப் பிடித்தார். ஆடு துள்ளித் துள்ளி உதைத்ததில் அவர் வேட்டிதான் கிழிந்தது, பால் இறங்கவில்லை.

"விடுங்க மதினி. தலையீத்துக் குட்டி, நம்ம குடுப்பினை அம்புட்டுதான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஆட்டை அவிழ்த்துவிட்டார். சித்தியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவள் அழுதாவது தீர்த்திருப்பாள்.

அவிழ்த்துவிட்டதும் வெள்ளக்காலி நேராக வேலி ஓரத்துக்குப் போனது. ஈன்ற இடத்தில் தலையைத் தாழ்த்தி மோந்தது. பனிக்குடத் தண்ணீர் ஊறியிருந்த அந்தச் சேற்றை நக்கியது. நக்கிக்கொண்டே தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டது. அது கத்தல் இல்லை. வாயைத் திறக்காமல் அடித்தொண்டையில் உருட்டும் மெல்லிய சத்தம், பிறந்த குட்டியிடம் மட்டும் தாய் பேசுவது. வெறும் மண்ணைப் பார்த்துத்தான் அது அப்படிப் பேசியது. பத்தடி தள்ளி அதன் குட்டி, அதன் கண் முன்னால்தான், சித்தியின் மடியில் கிடந்தது.

சித்தி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அது வேண்டாம்னு சொல்லலைக்கா. அது புள்ளையத் தேடுது. அங்கன மண்ணுக்குள்ளதான் கெடக்குன்னு நெனைக்குது."

அம்மா பதில் சொல்வதற்குள் அவள் எழுந்து போய், வெள்ளக்காலியின் மூக்குக்கு நேரே சேற்றில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். ஆடு நக்கிய இடத்திலிருந்தே கரிசலைக் கைநிறைய அள்ளினாள். குட்டியின் வாலடியில், முதுகில், நெற்றிப் பவுடரின் மேல், அப்பி அப்பிப் பூசினாள். வெள்ளையாக்கிய குட்டியை மறுபடியும் கறுப்பாக்கினாள். பூசி முடித்து, அந்தச் சேற்றிலேயே படுக்கவைத்துவிட்டுக் கையை எடுத்தாள்.

வெள்ளக்காலி மண்ணை மோந்துகொண்டே வந்தது. மூக்கு குட்டியின் வாலில் இடித்தது. நின்றது. மறுபடி மோந்தது. பிறகு அந்தத் தொண்டைச் சத்தம். நாக்கு குட்டியின் முதுகில் விழுந்தது. ஒரு தரம், பிறகு நிற்காமல். குட்டி தள்ளாடி எழுந்து மடியைத் தேடி முட்டியது, ஆடு பின்காலை விரித்துக் கொடுத்தது. குட்டியின் வால் படபடவென்று ஆடியதைப் பார்த்த பிறகுதான் பால் இறங்கிவிட்டது என்று அம்மா சொன்னாள். சித்தி அப்போதுதான் அழுதாள். கண்ணைத் துடைத்த கையால் முகமெல்லாம் சேறு.

"நாளைக்கு நம்ம புள்ளையையும் சேத்துலயே போட்டுருவியோ?" என்று சித்தப்பா கேட்டார்.

"முதல்ல ஒங்களச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுதேன். அப்புறம் ஆடு ஒங்களக் கிட்ட விடுதான்னு பாப்போம்" என்றாள்.

அன்றைக்குப் பிறகு அவளை யாரும் டவுன்காரி என்று சொல்லவில்லை.

சித்தி போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. சித்தப்பாவும் இல்லை. மந்தை மேய்ந்த காட்டில் சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் எடுக்கும் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. கம்பி வேலிக்குள் ஆடு போக முடியாது. கொரோனா வந்து போனதிலிருந்து எனக்கு எந்த வாசமும் தெரிவதில்லை. மருமகள் வைக்கும் குழம்பையெல்லாம் மணக்கிறது என்று சொல்லி நிம்மதியாகக் குடும்பம் நடத்துகிறேன்.

போன ஐப்பசியில் சித்தியின் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் இன்னமும் கொஞ்சம் ஆடு வைத்திருக்கிறான். நான் போன நேரம் ஒரு ஆடு ஈன்றது. இன்னொரு குட்டியும் வரும் போலிருந்ததால், "அக்கா, இதக் கொஞ்சம் பிடிங்க" என்று முதல் குட்டியை என் கையில் கொடுத்துவிட்டு அவன் அந்தப் பக்கம் குனிந்தான். வழுவழுவென்று சூடாக இருந்தது. முகத்தோடு வைத்து மோந்து பார்த்தேன். ஒன்றுமே வரவில்லை. பச்சைத் தண்ணீரை மோந்தது போல இருந்தது.

இரண்டாவதையும் ஈன்றுவிட்டுத் தாய் என்னிடம் வந்தது. குட்டியை மோந்தது, நக்கியது. பிறகு, வழுவழுப்பு ஒட்டியிருந்த என் கையை மோந்தது. அதையும் நக்கத் தொடங்கியது, அடித்தொண்டையில் பேசிக்கொண்டே, முழங்கை வரைக்கும்.

"கையக் கழுவிக்கிடுங்க அக்கா" என்றான் தம்பி.

"இருக்கட்டும்லே. அது முடிச்சிக்கிடட்டும்" என்றேன்.