சித்தூரில் ஆடி, திருப்பதியில் சிராவணம்

புதன்கிழமை காலை ஏழரைக்குச் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் திருப்பதி வண்டி ஏறினோம், நானும் மார்த்தா சிஸ்டரும். டிக்கெட் தலைக்கு மூணேகால் ரூபாய். பாகாலா, சந்திரகிரி வழியாக எழுபது கிலோமீட்டர். வழியில் பஞ்சர் ஆனால் என்ன, போகிற இடத்தில் ஆள் இல்லாவிட்டால் என்ன என்று ஏறும்போதே எனக்குக் கவலை. எட்டாவதோடு நின்றவன் நான், சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். சர்க்கார் காகிதம் என்றால் இரண்டு தரம் படித்தாலும் புரியாது.

சிஸ்டர் டென்மார்க்கிலிருந்து வந்த நர்ஸ். முப்பது வயதில் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தவருக்கு இப்போது ஐம்பத்திரண்டு. வேலை முடிந்துவிட்டது. வேலைக்காகக் கொடுத்த அனுமதியும் வருகிற சனிக்கிழமையோடு முடிகிறது. அதற்குமேல் இந்தியாவில் இருக்க முடியாது. அவர் ஊரில் இருந்த ஒரே தங்கையும் செத்துப்போனார். சிஸ்டர் எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் குடியிருக்கிறார். "அங்க போயி யார் மூஞ்சியைப் பாத்துக்கினு உக்காருவேன், தம்பி?" என்பார்.

நம் நாட்டுக் கலை ஒன்றை முறையாகப் படிக்கிற வெளிநாட்டாருக்கு அனுமதியை ஒரு வருஷம் நீட்டித்துத் தருவார்கள் என்று வெளிநாட்டாரைப் பதிவு செய்கிற ஆபீஸ் குமாஸ்தா சொன்னார். பாடம் ஆரம்பித்துவிட்டதாகப் பள்ளியிலிருந்து சான்று வேண்டும். நாட்டியத்துக்கு சிஸ்டரின் முட்டி இடம் கொடுக்காது. வீணை படிக்க வீணை வாங்க வேண்டும். பாட்டுதான் மலிவு: மாதம் பதினைந்து ரூபாய், தொண்டை சொந்தம். ஆனால் சித்தூர்ப் பாட்டு வாத்தியார், தமிழர், கையை விரித்துவிட்டார். "ஆடியில புதுசா ஆரம்பிக்க மாட்டேன். ஆரம்பிக்காம ஆரம்பிச்சதா எழுதியும் தர மாட்டேன். ஆவணி பொறக்கட்டும்" என்றார். ஆவணிக்கு முன்னால் சனிக்கிழமை வந்துவிடுமே!

திருப்பதியில் ஒரு பாட்டுப் பள்ளி இருப்பதாகக் கேள்விப்பட்டு சிஸ்டர்தான் கிளப்பினார். "அங்கியும் இதே ஆடிதானே?" என்றேன். "இருந்தா இன்னா, கேட்டுட்டு வருவோம்" என்றார்.

பாகாலாவில் ஒரு கூட்டம் திமுதிமுவென்று ஏறியது. புதுப்புடவை, தாம்பாளம், மேளக்காரர், நடுவில் மஞ்சள் பூசிய கன்னத்தோடு ஒரு கல்யாணப் பெண். என் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்த அம்மாளிடம், "ஆடியில கல்யாணமா?" என்று கேட்டேன்.

பெண்ணின் அத்தையாம் அவர், தெலுங்குக்காரர். சிரித்துவிட்டார். "ஆஷாடம் அமாவாசையோட போச்சேய்யா! மாக்கு இப்ப சிராவணம். உங்க ஆடிதான் இன்னும் இழுத்துக்கினு கெடக்குது." பிறகு சிஸ்டரைப் பார்த்து, "தொரசானிக்கும் முகூர்த்தம் தேடறீங்களா?"

"கல்யாணம் இல்லம்மா, பாட்டு" என்றார் சிஸ்டர். "மாப்பிள்ளையைவிட செலவு கம்மி." வண்டியே சிரித்தது.

நாங்கள் கிறிஸ்தவச் சபைக்காரர்கள், நல்ல மாதம் கெட்ட மாதம் பார்க்கிறதில்லை. இத்தனை வருஷம் தமிழ், தெலுங்கு இரண்டு பாஷையும் பேசிக் கடை நடத்தியும், நம் ஆடியும் அவர்கள் ஆஷாடமும் ஒன்றாகவே முடியும் என்று நினைத்திருந்தேன். தெலுங்குக்காரர்களுக்கு அமாவாசை கழிந்தால் அடுத்த மாதம் பிறந்துவிடுகிறது.

பத்து மணிக்கு இறங்கி, கோவிந்தராஜர் கோயிலுக்குப் பின்தெருவில் பள்ளியைக் கண்டுபிடித்தோம். பாட்டு டீச்சர் தெலுங்கு அம்மாள். மாதத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. "இந்த வயசில எதுக்குப் படிக்கணும்?" என்றார்.

"இங்கயே இருக்கறதுக்கு" என்றார் சிஸ்டர். எனக்கு உயிர் போய் வந்தது.

"நெஜம் சொன்னீங்க. ஆனா சும்மா பேருக்கு வரக்கூடாது. ரோஜு, தெனமும், காலைல ஆறு மணி. நடுவில நின்னுட்டீங்கன்னா ஆபீசுக்கு நானே எழுதிடுவேன்" என்ற டீச்சர், உட்கார வைத்து 'ச' பிடிக்கச் சொன்னார். சிஸ்டர் பிடித்ததில் தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"கத்தாதீங்கம்மா, சாமி பக்கத்துலதான் இருக்காரு" என்றார் டீச்சர்.

ஒரு மணி நேரம் பாடம். பிறகு சான்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். தெருவுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. "சிஸ்டர், சித்தூர்லருந்து ஆறு மணிக்கு எப்படி?"

"வர முடியாது. இங்கியே ரூம் பாக்கணும், தம்பி." அவருக்கு முன்பே புரிந்திருந்தது. பூக்கடைக்காரர் வீட்டு மாடியில் ஓர் அறை கிடைத்தது. "நாளைக்குப் பாடம் முடிச்சிட்டு சித்தூர் வந்து, ஆபீசுல காகிதம் குடுத்துட்டு, பெட்டியை எடுத்துக்கினு போறேன்" என்றார்.

நான் மட்டும் திரும்பினேன். சந்திரகிரியில் வாசலுக்கு வாசல் கல்யாணப் பந்தல், மேளம். சித்தூரில் இறங்கினால் அம்மன் கோயிலில் ஆடிக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பகல் பயணத்தில் மாதம் மாறி, மறுபடி பழைய மாதத்துக்கே வந்துவிட்டேன்.

வாசலில் என் மனைவி எஸ்தர். "சிஸ்டர் எங்க? அனுப்பிடறாங்களா?"

"இல்ல. இருக்கப்போறாங்க, திருப்பதியில."

"திருப்பதி பரவாயில்ல, டென்மார்க்குன்னா நாம போய்ப் பாக்க முடியுமா?" என்றாள். பிறகு, "ஞாயித்துக்கிழம பாட்டு லீவான்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. சிஸ்டர் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபை ஆராதனைக்கு வருவாரா, மாட்டாரா? சாப்பிட உட்கார்ந்தும் எனக்கு அதே கவலைதான்.