வரக்காப்பொலக் குரல்

சென்ற மாதம் வரக்காப்பொலைக்குப் போன பஸ்ஸில் என் மடியில் ஒரு பச்சை நிறச் சாப்பாட்டுப் பெட்டி இருந்தது. மூடியின் ஒரு மூலை உடைந்து, அதைச் சுற்றிக் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. பக்கவாட்டில் போட்ட துளை வழியாக வயர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பக்கத்து இருக்கையில் இருந்த அம்மையார் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். இது வெடிக்காது, கத்தத்தான் செய்யும் என்று அவருக்குச் சிங்களத்தில் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் இன்னும் பயந்துவிடுவார் என்று தோன்றியதால் வயர்களைப் பெட்டிக்குள் திணித்தேன்.

அந்தப் பெட்டி, கேகாலையில் நான் இலத்திரனியல் பொறியியல் தொழில்நுட்பம் படித்த காலத்தில் செய்தது. நான் என்று சொல்வது பாதி பொய். நானும் என் கூட்டாளியும் சேர்ந்து செய்தது. ஆய்வுகூடத்தில் மேசைக்கு இரண்டு பேர். முதல் நாள் எங்கே உட்காருவது என்று தெரியாமல் விழித்துக்கொண்டு நின்ற என்னை, "இஞ்ச வா புள்ள, இஞ்ச எடம் ஈக்கி" என்று வகுப்பே திரும்பிப் பார்க்கும்படி ஒரு குரல் கூப்பிட்டது. அன்றிலிருந்து படிப்பு முடியும்வரை அவள்தான் என் மேசைக் கூட்டாளி.

நான் றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். தோட்டப் பள்ளியில் தமிழில் படித்தவள். கடையில் சாமான் வாங்கவும், பஸ்ஸில் மிச்சக் காசு கேட்டுச் சண்டை பிடிக்கவும் என் சிங்களம் போதும். ஆனால் பாடம் நடத்தும் சேர் கரும்பலகையில் ஒரு மின்சுற்றை வரைந்து சிங்களத்தில் விளக்கும்போது, கையில் இருந்த ஆங்கிலப் புத்தகமும் கைகொடுக்காமல், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருப்பேன். கூட்டாளிக்கு அந்தக் கஷ்டம் இல்லை. வரக்காப்பொல நகரில், கண்டி வீதியில், அவளுடைய வாப்பாவுக்கு மின்சாரச் சாமான் கடை. வாங்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சிங்களவர்கள் என்பதால் அவளுக்கு இரண்டு மொழியும் ஒன்றுதான். சேர் ஒரு வாக்கியம் சொல்ல, அவள் அதைத் தமிழாக்கி என் காதில் போடுவாள். காதில் போடுவது என்பது பேச்சுக்குத்தான். பக்கத்து வகுப்பு வரைக்கும் கேட்கும்.

அவள் குரல் அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. வாப்பாவுக்குக் காது சரியாகக் கேட்காது. அவர் எந்நேரமும் கடையின் பின்பக்கத்துச் சாமான் அறையிலேயே இருப்பார். சின்ன வயதிலிருந்தே முன்னால் நின்று, "வாப்பா, பல்ப் ஹோல்டர் எங்க ஈக்கி?" என்று கத்திக் கத்தி அவளுக்கு மெல்லப் பேசுவது என்றால் என்னவென்றே தெரியாமல் போய்விட்டது. வேறு யார் கூப்பிட்டாலும் திரும்பாத அவர், இவள் குரலுக்கு மட்டும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெளியே வருவாராம். சேருக்கு அந்தக் கதை தெரியாது. "மேக்க பொலக்த?" இது என்ன சந்தையா என்று வாரத்தில் பாதி நாள் எங்கள் மேசையைப் பார்த்துத்தான் கேட்பார். அவள் நாக்கைக் கடித்துக்கொள்வாள். அடுத்த வாக்கியம் பழையபடி உரக்கத்தான் வரும்.

அந்த ஆய்வுகூடத்தை நினைத்தால் எனக்கு இன்னும் ஈயம் உருகும் மணம் வருகிறது. யன்னலைத் திறந்தால் மழையில் நனைந்த ரப்பர் தோட்டத்தின் புளித்த வாடை அதோடு கலக்கும். ஈயம் வைப்பது என் வேலை. கொழுந்து கிள்ளிய பரம்பரை, விரல் சொன்னபடி கேட்கும் என்று அவள் கேலி செய்வாள். பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. மீற்றரின் இரண்டு முனைகளையும் சுற்றின் மேல் அங்குமிங்கும் வைத்துப் பார்த்து, "இஞ்ச போகுது, இஞ்ச போகுது, இஞ்ச செத்துட்டு" என்பாள். "ஒனக்குச் சொல்லிக் குடுக்கப் போய்த்தான் எனக்கே வெளங்குது" என்றும் அடிக்கடி சொல்வாள். நான் தோற்றால் அவளும் தோற்பாள் என்பது போல என்னை இழுத்துக்கொண்டு போனாள். அந்த நாட்களில் என்மேல் அவ்வளவு அக்கறை எடுத்துக்கொண்ட வேறு யாரும் அந்த ஊரில் இல்லை.

இறுதி வருடத்தில் ஒரு செயற்றிட்டம் செய்ய வேண்டும். மற்றவர்கள் தானாக எரியும் விளக்கு, தானாகத் திறக்கும் கதவு என்று எடுத்துக்கொண்டார்கள். எங்கள் லயத்துக்கு மேலே மலையில் வெடிப்பு விழுந்திருந்தது. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, பெருமழை பெய்தால் வெளியேறுங்கள் என்று சொல்லிப் போயிருந்தார்கள். எது பெருமழை, எப்போது வெளியேறுவது என்பது யாருக்கும் தெரியாது. எங்கள் பக்கம் மழை என்பது தினமும் வந்து போகும் விருந்தாளி. நான் அதைச் சொன்னபோது கூட்டாளி சாப்பிட்டுக்கொண்டிருந்த ரோல்ஸைக் கீழே வைத்தாள். "அப்ப மழைய அளந்து சத்தம் போடுற ஒண்ணு செய்வம்" என்றாள். அவளுடைய சாப்பாட்டுப் பெட்டி அன்றே காலியாகி எங்கள் கருவிக்குக் கூடாயிற்று.

வேலை எளிமையானதுதான். கூரையில் ஒரு போத்தல், அதன் வாயில் ஒரு புனல். உள்ளே இரண்டு கம்பிகள். மழைநீர் அந்தக் கம்பிகளைத் தொடும் அளவுக்கு நிறைந்தால் மின்சாரம் ஓடி, பெட்டி சங்கை ஊதும். சரிவுக்கு அப்பால் இருந்த கோயிலில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒலிபெருக்கிக் குழாயை அம்மா பேசி வாங்கித் தந்தார். ஒரு சனிக்கிழமை கூட்டாளி என்னோடு தோட்டத்துக்கு வந்தாள். றக்வானை வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்து, இனி இந்த ஊருக்கு வருவதென்றால் ஹெலிகொப்டரில்தான் என்று சபதம் செய்தாள். மறுநாள் காலை, யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாமல், போத்தலில் தண்ணீரை ஊற்றினோம். சங்கு மலையே அதிரும்படி ஊதியது.

லயத்துக் கதவுகள் திறந்தன. பெண்கள் எல்லாரும் வெளியே வந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகுதான் பார்த்தேன், ஒவ்வொருத்தர் முதுகிலும் கூடை. இடுப்பில் வேலைக்குக் கட்டும் படங்குச் சாக்கு. தொழிற்சாலைச் சங்கு ஊதினால் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று பழகிய காதுகள். ஞாயிற்றுக்கிழமையில் ஊதினால் கைக்காசுக் கொழுந்து, அதாவது மேலதிகச் சம்பளத்துக்கு எடுக்கும் கொழுந்து என்று அர்த்தம். எல்லாரும் பேசிச் சிரித்துக்கொண்டே வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்கு ஏறத் தொடங்கினார்கள். அந்தக் களம் வெடிப்பு விழுந்த சரிவுக்கு நேர் கீழே இருந்தது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கூட்டாளி சிரிக்கவில்லை. அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. "புள்ள, நாம இவங்கள மண்ணுக்குள்ள அனுப்புறமே" என்றாள். அதைக் கேட்டதும் என் சிரிப்பும் நின்றுவிட்டது.

சங்கு வேண்டாம், மனிதக் குரல் வைப்போம் என்று முடிவு செய்தோம். குரலைப் பதிந்து வைக்கும் சிறிய சில்லு ஒன்றை வாங்கிப் பொருத்தி, அடுத்த விடுமுறையில் அம்மாவின் குரலைப் பதிந்தோம். "எல்லாரும் வெளியில வாங்க, மலை சரியப் போகுது" என்று அம்மா அழகாகத்தான் சொன்னார். தண்ணீரை ஊற்றினோம். ஒரு கதவும் திறக்கவில்லை. "என்னாக்கா?" என்று ஒரு வீட்டிலிருந்து பதில் வந்தது. "சோறு அடுப்புல இருக்கு, வடிச்சிட்டு வாறேன்" என்று இன்னொரு வீட்டிலிருந்து. அம்மாவின் குரல் அவர்கள் பிறந்ததிலிருந்து கேட்கும் குரல். கோழி காணாமல் போனாலும் அம்மா அப்படித்தான் கூப்பிடுவார்.

கூட்டாளிக்குப் பொறுமை போய்விட்டது. வாசலுக்கு இறங்கி, லயத்தைப் பார்த்து, கடையில் நிற்பது போல இடுப்பில் கை வைத்து நின்றாள். "வெளிய வாங்க! சாமான் எடுக்க வாணாம்! புள்ளைகளத் தூக்கிட்டுக் கோயிலுக்கு ஓடுங்க!" என்று கத்தினாள். அத்தனை கதவுகளும் படபடவென்று திறந்தன. அடுப்பிலிருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு, கரண்டியும் கையுமாக எல்லாரும் வெளியே நின்றார்கள். "யாரு இந்தப் புள்ள? எதுக்கு இப்புடிக் கத்துது?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். அந்நியக் குரல், அந்நியப் பேச்சு, அதுவும் நம் வாசலில் நின்று நம்மை அதட்டுகிறது. யாரால் உள்ளே உட்கார்ந்திருக்க முடியும்? கூட்டாளி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் வாய் திறக்கும் முன்பே எனக்கு விளங்கிவிட்டது.

அதே வார்த்தைகளை அதே கத்தலில் சில்லில் பதிந்தோம். அப்படித்தான் வரக்காப்பொலக் குரல் எங்கள் லயத்தில் குடியேறியது. செயற்றிட்டத்துக்கான நேர்முகத் தேர்வில் சேர், குரல் எதற்கு, ஒரு சங்கு போதாதா என்று கேட்டார். கூடைகளோடு மலையேறிய கதையை அவள் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, வகுப்பே சிரித்தது. கடைசியில் சேர் சிரிக்காமல் தலையாட்டினார். நாங்கள் தேறினோம். பெட்டியை எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டினோம். காலையில் போத்தலைக் கவிழ்ப்பது அம்மாவின் பொறுப்பு, விடுமுறைக்குப் போகும்போது பற்றரி மாற்றுவது என் பொறுப்பு. லயத்துப் பிள்ளைகள் "சாமான் எடுக்க வாணாம்!" என்று அவளைப் போலவே பேசி விளையாடப் பழகிக்கொண்டார்கள். எங்கள் வாயில் 'வேணாம்' என்று வருவது, விளையாட்டில் மட்டும் 'வாணாம்' ஆயிற்று.

எனக்கு இரத்தினபுரியில் மருத்துவக் கருவிகள் திருத்தும் இடத்தில் வேலை கிடைத்தது. கூட்டாளிக்கும் கொழும்பில் ஒரு வேலை கிடைத்திருந்தது. போக மூட்டை கட்டிய வாரத்தில் வாப்பா படுக்கையில் விழுந்தார். அவள் கடையைப் பொறுப்பெடுத்தாள். அவர் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் அவளால் விட்டுவிட்டுப் போக முடியவில்லை. தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "பல்ப் எரியுதா எண்டு பாக்கிறத்துக்கு எதுக்கு புள்ள நான் இவ்வளவு படிச்ச? எல்லாம் வீண்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிப்பதில்லை.

இந்த மழைக்காலத்தில் ஒரு பகல், வேலையில் இருந்தபோது அம்மாவின் அழைப்பு வந்தது. மூச்சு வாங்கியது. "அந்த வரக்காப்பொல புள்ள கத்துனிச்சு. நாங்க எல்லாம் ஓடியாந்துட்டோம். கோயில்ல நிக்கிறோம். இப்பதான் மலை எறங்குச்சு" என்றார். பெரட்டுக் களம் இல்லை. எங்கள் லயத்தில் பாதி இல்லை. ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள், தொட்டிலில் கிடந்த பிள்ளை உட்பட. நான் போனை வைத்துவிட்டு, வேலைக்கு வந்திருந்த கருவியின் மேலே தலையைக் கவிழ்த்து அழுதேன். மண்ணில் விழுந்து கிடந்த பெட்டியை அம்மா பிறகு துடைத்துத் தந்தார். "இதக் கொண்டு போயி அந்தப் புள்ளகிட்ட காட்டு. நாங்க உசிரோட இருக்கோம்னு நேர்ல சொல்லு. போன்ல சொல்லாத" என்றார்.

கடை மாறவில்லை. அவள் கொஞ்சம் பெருத்திருந்தாள். வாடிக்கையாளர் ஒருவருக்கு பல்ப் ஒன்றை எரியவைத்துக் காட்டிக்கொண்டே, "என்ன புள்ள, சோறு கட்டிக்கொண்டா வந்தீக்கி?" என்றாள். பெட்டியை அடையாளம் கண்டதும் சிரித்தாள். இன்னும் வேலை செய்கிறதா என்று கேட்டாள். கடையில் இருந்த ஒரு ஸ்பீக்கரை மாட்டி, நான் இரண்டு கம்பிகளையும் சேர்த்துப் பிடித்தேன்.

"வெளிய வாங்க! சாமான் எடுக்க வாணாம்! புள்ளைகளத் தூக்கிட்டுக் கோயிலுக்கு ஓடுங்க!"

"அல்லாஹ், யாரு இது, இப்புடிக் கத்துறா?" என்று காதைப் பொத்தினாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டவர் வேறொருவர். பின்பக்கத்து அறைத் திரை விலகியது. வாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு, அவசர அவசரமாக வெளியே வந்து நின்றார்.

"என்ன மகள், எதுக்குக் கூப்பிட்ட?"

நான் அம்மா சொன்னதைச் சொன்னேன். களத்தைச் சொன்னேன், லயத்தைச் சொன்னேன், தொட்டில் பிள்ளையைச் சொன்னேன், வேறிடத்தில் வீடு தரப்போவதைச் சொன்னேன். அவள் கதிரையைத் தேடி உட்கார்ந்தாள். கை மட்டும் பழக்கத்தில் தட்டிலிருந்து புதுப் பற்றரிகளை எடுத்துப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தது. "புதுசா வீடு குடுக்குற எடத்துலயும் மலை ஈக்கிதா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். பெட்டியை மூடி, டேப்பை அழுத்தி ஒட்டி, என் பக்கம் தள்ளினாள். வாப்பா இன்னும் பதிலுக்குக் காத்து நின்றார். அவள் அவரைப் பார்த்து ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்கே அது கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லு மகள்" என்றார் வாப்பா. "கேக்கல்ல."