டி-5 எந்த ஸ்லாட்?

1. இரண்டு தடவை மாற்றியும்

காலை பத்து மணிக்கு ஷாகுல் பாய் போன் செய்தார். "எம்மா இசக்கி, நம்ம சர்வர் காலயில இருந்து ரெண்டு தடவ தானா ஆஃப் ஆயி ஆன் ஆயிட்டு. மூணாவது தடவ எந்திரிக்காமப் போச்சுன்னா நான் என்னத்தப் பண்ணட்டும்?"

ஷாகுல் பாய் செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் சீனியர் டெக்னீஷியன். சொந்த ஊர் கடையநல்லூர். எந்த குரூப் ரத்தம் எத்தனை பை இருக்கிறது, எந்தப் பை எந்த நோயாளிக்குப் பொருந்தும் என்பதெல்லாம் அந்த சர்வரில்தான் இருந்தது. நான் அப்போது குர்லாவில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் ஃபீல்டு இன்ஜினியர். பத்து வருடத்துக்கு மேல் சர்வர் பழுது பார்த்தவள். மெமரி மாற்றுவதெல்லாம் எனக்கு ஒரு வேலையே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆபீசில் இருந்தபடியே அந்த சர்வரின் ஃபால்ட் ரிப்போர்ட்டைத் திறந்தேன். எந்த உறுப்பு கெட்டிருக்கிறது என்று சாஃப்ட்வேரே கண்டுபிடித்து எழுதிவைக்கும். 'பி-1, டி-5, மெமரி ஃபால்ட்' என்றிருந்தது. அந்த மெஷினில் இரண்டு பிராசஸர். எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும் என்பதால் பி-1 என்றால் இரண்டாவது பிராசஸர். அதன் பக்கத்தில் எட்டு மெமரிப் பட்டைகள் வரிசையாக நிற்கும், டி-0 முதல் டி-7 வரை. அதில் டி-5 கெட்டுவிட்டது. ஸ்டோரில் இரண்டு புது மெமரி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கேட்டில் செக்யூரிட்டி என் பையைப் பார்த்துவிட்டு, இன்ஜினியர் பின்னால் வருகிறாரா என்று ஹிந்தியில் கேட்டார். நான்தான் இன்ஜினியர் என்றேன். அந்தப் பதிலை அதற்கு முன்பும் எத்தனையோ கேட்டில் சொல்லியிருக்கிறேன்.

இரண்டிலிருந்து மூன்று மணி வரை சர்வரை நிறுத்திக்கொள்ளலாம் என்று ஷாகுல் பாய் அனுமதி வாங்கி வைத்திருந்தார். அந்த ஒரு மணி நேரமும் நோட்டில் எழுதிச் சமாளிப்பார்கள். ராக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சர்வர்கள். கீழே இருப்பது ரத்த வங்கியுடையது. மேலே இருப்பது லேபுடையது, கொஞ்சம் பழைய மாடல்.

கீழ் சர்வரை நிறுத்தி மூடியைக் கழற்றினேன். மூடியின் உட்புறம், மெமரி செருகும் ஸ்லாட்டுகளின் படம் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து டி-5ஐ எண்ணி, பழையதை உருவி, புதியதைச் செருகினேன். உருவியதன் மேல் 'ஃபால்ட்டி' என்று லேபிள் ஒட்டினேன். சர்வரை ஆன் செய்து, பழுது நீங்கியது என்று சாஃப்ட்வேருக்குக் கமாண்ட் கொடுத்தேன். ரிப்போர்ட் காலியானது. பத்து நிமிடத்தில் மறுபடியும் வந்தது. பி-1, டி-5.

புது மெமரியே கெட்டதாக இருக்கலாம். அப்படியும் நடப்பதுண்டு. அதையும் உருவி, 'ஃபால்ட்டி' ஒட்டி, இரண்டாவது புதியதைப் போட்டேன். பத்து நிமிடம் கழித்து அதே வரி.

அடுத்தடுத்து இரண்டு புது மெமரி கெட்டுப்போகுமா? இல்லை, ஸ்லாட்டே கெட்டதா? ஸ்லாட் என்றால் மதர்போர்டை மாற்ற வேண்டும். மேனேஜர் வெங்கட்ராமன் சாருக்குப் போன் செய்தேன். அவர் மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர்.

"போர்டு இங்க ஸ்டாக் இல்லேம்மா. வாஷி குடோன்லேர்ந்து வரணும். நாளை சாயங்காலம் ஆயிடும். நிச்சயமா போர்டுதானா? சொல்லு, ஆர்டர் போட்டுடறேன்."

"போர்டுதான் சார்."

எனக்கு நிச்சயமாகத் தெரியாது. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கேட்டில் 'நான்தான் இன்ஜினியர்' என்று சொல்லிவிட்டு வந்தவள், உள்ளே நின்று எனக்குப் புரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

2. பையின் மேல் இருந்த நம்பர்

மணி இரண்டே முக்கால். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு நர்ஸ் ஓ நெகட்டிவ் கேட்டு சீட்டோடு வந்து நின்றார். ஷாகுல் பாய் ஃப்ரிட்ஜைத் திறந்து, 'ஓ நெகட்டிவ்' என்று எழுதி ஒட்டிய தட்டிலிருந்து ஒரு பையை எடுத்தார். சீட்டைப் பார்த்தார், பையின் நம்பரை வாய்விட்டுப் படித்தார், நோட்டைப் பார்த்தார், மறுபடியும் படித்தார். நர்ஸ் கால் மாற்றி நின்றார். எனக்கே பொறுக்கவில்லை.

"தட்டுலயே ஓ நெகட்டிவ்னு எழுதியிருக்கே பாய். பொறவென்ன?"

அவர் பையைக் கொடுத்தனுப்பிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார். "தட்டுல எழுதுனது நான்தான். ஆனா பைய எடுத்து வைக்கவன் அந்தத் தட்டுலதான் வச்சான்னு என்ன நிச்சயம்? தட்ட நம்பிக் குடுத்தா ஆளு செத்துருவான். பை மேல இருக்க நம்பர்தான் பையோட பேரு."

அவர் எனக்குப் புத்தி சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் நான் லேப்டாப் முன் உட்கார்ந்து, அதுவரை பார்க்காத பக்கத்தைத் திறந்தேன். ரிப்போர்ட்டில் விவரம் என்ற இடத்தைத் தட்டினால் கெட்ட மெமரியின் சீரியல் நம்பர் வரும். கடைசி நான்கு இலக்கம் 7041. நான் முதலில் உருவியதன் மேல் 1938 என்றிருந்தது.

கெட்ட மெமரியை நான் தொடவே இல்லை.

அப்படியென்றால் நான் எங்கே கை வைத்தேன்? எல்லா ஸ்லாட்டின் பட்டியலையும் எடுத்தேன். நான் கடைசியாகப் போட்ட புது மெமரி டி-2ல் இருப்பதாக சாஃப்ட்வேர் சொன்னது. மூடிப் படத்தின்படி நான் போட்டது டி-5ல். இரண்டில் எது பொய்? சாஃப்ட்வேரா, படமா, நானா?

"பாய், இன்னும் அரை மணி நேரம் வேணும். நான் தப்பா எடுத்துட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "எடுத்துக்கோ. நோட்டு இருக்கு. இந்தத் தடவ நம்பரப் படிச்சிட்டு எடு."

மறுபடி நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்த்தேன். போர்டிலேயே, ஒரு கேபிளுக்கு அடியில், பொடி எழுத்தில் ஸ்லாட் பெயர்கள் அச்சாகியிருந்தன. மூடிப் படம் டி-2 என்று காட்டிய இடத்தில் போர்டு டி-5 என்றது. வரிசையே தலைகீழ். அந்த இடத்திலிருந்த பட்டையை உருவினேன். 7041.

மூடியைத் திருப்பி அதன் மாடல் நம்பரைப் படித்தேன். அது மேல் சர்வரின் மூடி. இரண்டும் அளவில் ஒன்று. பழைய மாடலில் உள்ளிருந்து வெளியே எண்ணுவார்கள், புதியதில் வெளியிலிருந்து உள்ளே.

'ஃபால்ட்டி' லேபிள்கள் இரண்டையும் உரித்தேன். 1938ஐ அதன் பழைய இடத்திலேயே வைத்தேன். ஒரு புது மெமரி நிஜமான டி-5க்குப் போனது. இன்னொன்று தேவைப்படவில்லை. அரை மணி நேரம் காத்திருந்தோம். ரிப்போர்ட் காலியாகவே இருந்தது. வெங்கட்ராமன் சாருக்குப் போன் செய்து போர்டு ஆர்டரை நிறுத்தச் சொன்னேன். காரணத்தை நாளை சொல்கிறேன் என்றேன்.

3. ரிப்போர்ட்

சர்வீஸ் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். மூடியை மாற்றிப் போட்டவன் மேல் அப்படி ஒரு கோபம். யாரென்று பார்க்க அவர்களுடைய ஃபைலைப் புரட்டினேன். இதற்கு முந்தைய சர்வீஸ் தாளில், ஒரே நாளில் இரண்டு சர்வருக்கும் ஃபேன் மாற்றியதாக எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்து.

எனக்கு அந்த நாளே நினைவில் இல்லை. இரண்டு மூடியையும் தரையில் சாய்த்து வைத்திருப்பேன். வேலை முடிந்ததும் கைக்கு வந்ததை எடுத்து மூடியிருப்பேன். இப்படித்தான் இருக்க வேண்டும். நினைவில்லாத தப்புக்கு எப்படி வருத்தப்படுவது என்றும் தெரியவில்லை. வெகு நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தேன்.

ஷாகுல் பாய் எட்டிப் பார்த்தார். "என்ன, எழுதணுமான்னு யோசிக்கியா?"

"ஆமா பாய்."

நான் எழுதினேன்: முந்தைய சர்வீஸில் மூடிகள் இடம் மாறின, மாற்றியது நான், இன்று இரண்டு நல்ல மெமரியைத் தவறாக எடுத்தேன், மூன்றாவதுதான் பழுதானது. அவர் முழுதும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் வெங்கட்ராமன் சார் அந்தத் தாளை மேஜைமேல் வைத்தார். "மெமரி மாத்தியாச்சுன்னு ஒரு வரி போதாதோ? இதப் படிச்சா கஸ்டமர் என்ன நெனைப்பான்?"

"கஸ்டமர் படிச்சிட்டுத்தான் சார் சைன் பண்ணாரு."

அவர் தாளை எடுத்து ஃபைலில் வைத்தார். "போர்டுதான்னு அத்தனை தீர்மானமா சொன்னியேம்மா."

"புரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துது சார்."

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உருவுவதற்கு முன் சீரியல் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள், உருவியதும் ஒப்பிடுங்கள். திரை சொல்லும் பெயரும் மூடி காட்டும் இடமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எண்ணாதீர்கள். குழம்பி நிற்கும்போது குழம்பியிருக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். எனக்கு அன்று அரை மணி நேரம் கிடைத்தது 'போர்டுதான் சார்' என்று சொன்னதால் அல்ல, 'தப்பா எடுத்துட்டேன்' என்று சொன்னதால்.