முதுகை நனைத்த மருந்து

அந்தக் களைக்கொல்லியை வாங்கி வந்தவன் நான்தான். மலையில் ஜீப் ஓட்டுகிறேன். கீழே போகும்போது ஊர்க்காரர்கள் கேட்பதை வாங்கி வருவேன். அக்கா கேட்டது ஒரு லிட்டர் பாட்டில். சாமை விதைப்பதற்குள் கோரையும் அருகும் கருகிவிட வேண்டும் என்றாள். மாமா கேரளாவில் கூலி வேலையில் இருந்தார். நிலம் முழுக்க அவள் பாடுதான். புளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் மேடு ஏறினால் நான் பின்தங்கிவிடுவேன்.

முதுகில் மாட்டி மருந்தடிக்கும் டேங்கில் வாஷர் போயிருந்தது. மதியம் வரை மருந்துத் தண்ணீர் ஒழுகி ஜாக்கெட்டோடு முதுகை நனைத்திருக்கிறது. அதே துணியோடு சோறு தின்று, மாட்டைப் பிடித்துக் கட்டிவிட்டு, அப்புறம்தான் குளித்தாள். மறுநாள் முதுகு வெந்ததுபோல் சிவந்தது. தேங்காயெண்ணெய் தடவினாள். புண் காய ஆரம்பித்ததும் இருவருமே அதை விட்டுவிட்டோம்.

பத்தாம் நாள் தண்ணீர்க் குடத்தோடு பாதி வழியில் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாக்கா, இங்க குந்திட்ட?"

"இன்னான்னு தெர்லடா. மூச்சு பாதியிலயே நின்னுபோவுது."

காய்ச்சல் இல்லை. உதடு மட்டும் நீலம் பாய்ந்திருந்தது. அன்றே வேலூருக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்தார், முதுகுப் புண்ணைப் பார்த்தார், என்ன மருந்து என்று கேட்டார். போனில் இருந்த பாட்டில் படத்தைக் காட்டினேன். என்னை மட்டும் வெளியே கூப்பிட்டார்.

"தோல் வழியா ரத்தத்துல கலந்திருக்குங்க. நுரையீரல் செல்லுங்க இந்த விஷத்தைத் தனக்கு வேண்டிய பொருள்னு ஏமாந்து, தானே உள்ள இழுத்துக்கும். அப்புறம் செல் செத்து, அந்த இடம் தழும்பாயிடும். தழும்புல காத்து போகாது."

"ஆக்சிஜன் வைங்கம்மா."

"அதுலதான் சிக்கல். ஆக்சிஜன் கூடக் கூட விஷம் இன்னும் வேகமா அரிக்கும். முடிஞ்ச வரைக்கும் தள்ளிப்போடறோம்."

பக்கத்துக் கட்டில்களில் எல்லாருக்கும் மூக்கில் குழாய். அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மட்டும் ஏன்டா வைக்கல?"

"உனக்கு அவ்ளோ மோசம் இல்லக்கா" என்றேன்.

கடைசி இரண்டு நாள் வைத்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவளோ குழாயைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள்.

காரியத்துக்கு வந்தவர்களிடம், டாக்டரம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். வாங்கி வந்தது நான் என்பதையும் சொன்னேன். பக்கத்து நிலத்து அண்ணி மெதுவாக எழுந்தாள்.

"எனக்கும் முந்தாநேத்து முதுகு நனைஞ்சுது தம்பி."

சாப்பிடாமலே அவளை ஏற்றிக்கொண்டு ஜீப்பை எடுத்தேன். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு, இப்போதைக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அனுப்பினார்கள்.

நேற்று அந்த அண்ணி சந்தைப் பாதையில் நின்று நின்று வந்துகொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். காலில் முள் குத்திவிட்டது என்றாள். குனிந்து பார்த்தேன். செருப்புப் போட்டிருந்தாள்.