பிரிட்ஜ் கிளப்பில் நாலாவது ஆள்

சிவப்புப் புழுதியும் நிலக்கரி வாடையும் ஏறிய ஒரு ஜமக்காளம்... எத்தனை உதறினாலும் போகாது. நெய்வேலியில் எங்கள் பிரிட்ஜ் கிளப் பிறந்தது அதன் மேல்தான்.

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகித் திருநெல்வேலியிலிருந்து குவார்ட்டர்ஸுக்கு வந்த புதிது. என் வீட்டுக்காரர் மைன்ஸில் என்ஜினீயர். ஞாயிறு காலை அவரும் நண்பர்கள் மூவரும் சீட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். பிரிட்ஜ் சீட்டாட்டத்துக்கு நாலு பேர் வேண்டும். ஒருவர் குறைந்தாலும் ஆட்டம் படுத்துவிடும்.

ஆனால் ஷிஃப்ட் சங்கு யாருக்காகக் காத்திருக்கும்? பாதி ஆட்டத்தில் ஒருவர் எழுந்து சட்டையை மாட்டுவார். அதனால் ஒரு வழக்கம் வந்தது... யார் டியூட்டிக்குப் போனாலும் அவர் சீட்டை அவர் மனைவி வாங்கிக்கொள்ள வேண்டும்.

"இந்தா பிடி. இஸ்பேட்தான் துருப்பு. கவுத்துடாத!" என்று சொல்லிவிட்டு இவர் சைக்கிளில் ஏறுவார்.

நானா கவிழ்ப்பேன்? இவரைவிட நன்றாகவே ஆடினேன். சாம்பார் பொங்கினால் பொங்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், அப்படி ஒரு பைத்தியம்!

ஆள் பெருகியது. மனமகிழ் மன்றத்தில் ஒரு அறை கிடைத்தது. பெயர்ப்பலகை, பச்சைத் துணி விரித்த மேஜைகள்... கூடவே ஒரு விதி. வேலையில் இருப்பவர்கள் மட்டும்தான் மெம்பராம்.

இவர் மென்று முழுங்கிச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"தரையில ஆடுனப்போ நாங்க வேணும். மேஜை வந்ததும் வேண்டாமாக்கும்?"

இவர் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார்.

அறை திறந்த முதல் ஞாயிறு. மதிய ஷிஃப்டுக்குச் சங்கு ஊதியதும் மேஜைக்கு ஒருவராக எழுந்து போய்விட்டார்கள், இவரும்தான். கொஞ்ச நேரத்தில் கிளப் செக்ரட்டரி பழனிச்சாமி அண்ணாச்சி, கோயமுத்தூர்க்காரர், வியர்த்து விறுவிறுத்து எங்கள் வாசலில் நின்றார்.

"அம்மிணி, ஆள் கொறையுதுங்க. செத்த வந்து சீட்டப் புடிங்க."

"சும்மா புடிக்க வரமாட்டேன் அண்ணாச்சி. மெம்பர்னா வாரேன். எனக்கு மட்டுமில்ல, எல்லாப் பொம்பளைகளுக்கும்."

தலையைச் சொறிந்தார்.

"மெம்பர்தானுங்க! விதிய நாளைக்கு மாத்திப்போடலாம். மொதல்ல எந்திரிங்க தாயி, அங்க ஆட்டம் நிக்குது!"

அடுப்பை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டு சரோஜாவையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். மறுவாரமே அண்ணாச்சி விதியை மாற்றிவிட்டார், பாவம் மனுஷர்!

இப்போது மகன் வீட்டில், டேப்லெட்டில் பிரிட்ஜ் ஆடுகிறேன். தொட்டவுடன் மூன்று பேர் வந்துவிடுகிறார்கள்... எந்த ஊரோ, யாரோ. நடுவில் எழுந்தால் அந்த நொடியே என் இடத்தில் கம்ப்யூட்டர் உட்கார்ந்து ஆடுகிறது. வசதிதான், குறை சொல்லவில்லை.

ஆனால்... நான் வராவிட்டால் எந்த ஆட்டமும் இப்போது நிற்பதில்லை.